உறக்கத்தில் எரிந்த 283 கலோரி

விடிய ஐந்து மணிக்கு மாமா வந்து கதவைத் தட்டினார். முதல் நாள் மாலை நான் அவருடைய கையில் கட்டிவிட்ட மணிக்கூடு அப்படியே இருந்தது. அன்று வட்டையில் யூரியா வீசும் வேலை. அதற்குப் புறப்படும் அவசரத்திலும் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதைப் பாருங்க மருமகன். நான் எழும்பி முகங்கூடக் கழுவல்ல. 283 எண்டு காட்டுது. என்னத்தை எரிச்சது இது?"

இந்த மணிக்கூடு லண்டனிலிருந்து மச்சான் அனுப்பியது. இரத்தத்தில் சீனி கூடத் தொடங்கியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று கிளினிக்கில் எனக்குச் சொன்ன செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எத்தனை அடி நடந்தேன், எத்தனை கலோரி எரித்தேன் என்று அது நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். நானும் சில வாரங்கள் அந்த எண்ணை அப்படியே நம்பினேன். மாலையில் 400 என்று காட்டினால் இரவில் இன்னொரு நீத்துப் பிட்டு எடுத்துக்கொள்வேன். மாமா அன்று கேட்ட கேள்விதான் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று என்னைத் தேட வைத்தது.

முதலில் அந்த 283. மணிக்கூடு நள்ளிரவு பன்னிரண்டுக்குக் கணக்கைப் பூச்சியமாக்கிப் புதிதாகத் தொடங்குகிறது. அதிலிருந்து ஐந்து மணிநேரம் மாமா படுத்துத்தான் கிடந்தார். ஆனாலும் அவருடைய இதயம் துடித்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, ஈரல் வேலை செய்தது, மூளை ஒரு கணமும் ஓயவில்லை, உடம்பு 37 பாகை வெப்பத்தைக் காத்துக்கொண்டது. இவற்றுக்கெல்லாம் சக்தி வேண்டும். சும்மா கிடக்கும் உடம்பின் இந்தச் செலவை அடிப்படை அனுசேப வீதம் என்பார்கள். வயலுக்கே போகாமல் வீட்டில் இருப்பவருக்கு அன்றைய மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதுதான்.

ஒரு லீற்றர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு பாகை சதமத்தால் உயர்த்தத் தேவையான சக்தியே சாப்பாட்டுக் கணக்கில் நாம் கலோரி என்று சொல்வது. சரியான பெயர் கிலோகலோரி. மாமாவுக்கு 55 வயது, 165 சென்ரிமீற்றர் உயரம், 58 கிலோ நிறை. 1990ஆம் ஆண்டில் வெளிவந்த மிஃப்லின் – சென்ட் ஜியோர் சமன்பாட்டில் இவற்றைப் போட்டுப் பார்த்தேன். நிறையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி, ஆணென்றால் ஐந்தைச் சேர். வந்தது 1341. ஒரு மணிநேரத்துக்கு 56, ஐந்து மணிநேரத்துக்கு 279. மணிக்கூடு காட்டியதற்கும் இதற்கும் நாலே நாலு கலோரி வித்தியாசம். அதாவது அந்த இரவில் மணிக்கூடு மாமாவின் உடம்பில் எந்த எரிப்பையும் அளக்கவில்லை. முதல் நாள் நான் போனில் பதிந்த வயது, உயரம், நிறை மூன்றையும் வைத்து, "இப்படிப்பட்ட ஒருவர் இவ்வளவு எரிப்பார்" என்று கணித்துவைத்த தொகையை நிமிடத்துக்கு நிமிடம் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

1341 கலோரி சின்ன விஷயம் இல்லை. நெல் அவிக்கிற கிடாரத்தில் 19 லீற்றர் தண்ணீர் ஊற்றி, 30 பாகையிலிருந்து கொதிக்க வைத்தால் ஏறத்தாழ அவ்வளவுதான் செலவாகும். அடுப்புமில்லை விறகுமில்லை, பாயில் கிடந்தபடியே ஒரு மனிதன் ஒரு நாளில் அதைச் செய்துவிடுகிறான். இதைச் சொன்னபோது மாமா தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இப்படிப்பட்ட ஒருவர்" என்றால் யார்? இந்தக் கேள்வியில்தான் விஷயம் நம்மைத் தொடுகிறது. இந்த வகைச் சமன்பாடுகளில் பழையது ஹரிஸ் – பெனடிக்ட் சமன்பாடு. 1919இல் அமெரிக்காவில் 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து எழுதியது. பிறகு 1985இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் ஐ.நா. பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட சமன்பாடுகள் வந்தன. அவற்றுக்கு அடிப்படையாக இருந்த 7,173 அளவீடுகளில் 47 வீதம் இத்தாலியர்களுடையவை. வெப்ப வலயத்தில் வாழ்பவர்களின் அளவீடுகள் வெறும் 322. 1991இல் ஜெயா ஹென்றி, ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெப்ப வலய மக்களின் அளவீடுகளைத் தனியே திரட்டிப் பார்த்தார்கள். அந்த உலகச் சமன்பாடுகள் நம்மைப் போன்றவர்களின் அடிப்படைச் செலவைச் சராசரியாக 8 வீதம் அளவில் கூட்டிச் சொல்கின்றன என்று கண்டார்கள். 8 வீதம் என்றால் மாமாவின் கணக்கில் நாளொன்றுக்கு நூறு கலோரிக்கு மேல். எந்தக் கொம்பனி எந்தச் சமன்பாட்டை உள்ளே வைத்திருக்கிறது என்பதை முழுதாக வெளியே சொல்வதில்லை. ஆனால் மட்டக்களப்பின் படுவான்கரை விவசாயி ஒருவரின் உடம்பை அளந்து எழுதிய சமன்பாடு அதற்குள் இருக்க வாய்ப்பே இல்லை.

இது உறங்கும்போது நடக்கிற கணக்கு. எழும்பி நடமாடத் தொடங்கியதும் மணிக்கூட்டுக்கு இரண்டு புலன்கள் உதவுகின்றன. ஒன்று ஆர்முடுகல்மானி. கையின் வேகம் எந்தத் திசையில் எவ்வளவு மாறுகிறது என்பதை உணரும் மிகச் சிறிய சில்லு அது. நடக்கும்போது கை ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் வீசுமல்லவா, அந்தத் தாளத்தை அது அடி என்று எண்ணுகிறது. மற்றது மணிக்கூட்டின் அடியில் மினுங்கும் பச்சை வெளிச்சம். குருதி பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை துடிக்கும்போது தோலுக்குக் கீழே குருதி கொஞ்சம் கூடும், திரும்பி வரும் வெளிச்சம் கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைத்துவிடும்.

அசைவும் துடிப்பும் கிடைத்தபிறகு, "இந்த ஆள் இப்போது என்ன செய்கிறார்" என்று மணிக்கூடு ஊகிக்க வேண்டும். அதற்கு உடற்தொழிற்பாட்டு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மெற் என்ற அலகு அடிப்படை. சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு மெற், அதாவது ஒரு கிலோ நிறைக்கு ஒரு மணிநேரத்தில் ஏறத்தாழ ஒரு கலோரி. சமதரையில் சாதாரண வேக நடை மூன்றரை மெற் அளவில் வரும். 60 கிலோ உள்ள ஒருவர் ஒரு மணிநேரம் அப்படி நடந்தால் 210 கலோரி. அமெரிக்காவில் பார்பரா ஏன்ஸ்வேர்த் குழுவினர் 1993இல் நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு மெற் அளவுகளைத் திரட்டி ஒரு பட்டியலாக வெளியிட்டார்கள். அது பலமுறை திருத்தப்பட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

சரி, யூரியா வீசுவது எத்தனை மெற்? அன்று மாமாவோடு நானும் வயலுக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே வரை சேறும் தண்ணீரும். இடது கையில் உர வாளியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, வலது கையால் அள்ளி அரைவட்டமாக வீசி வீசிப் போவார். மணிக்கூடு இடது கையில் இருந்தபோது நான் வரம்பில் நின்று அவருடைய அடிகளை எண்ணினேன். வாளியை அணைத்த கை அசையவே இல்லை. நான் எண்ணியதில் பாதியைக்கூட மணிக்கூடு எண்ணவில்லை. அடுத்த வரவைக்கு வலது கையில் மாற்றிக் கட்டினேன். இப்போது ஒவ்வொரு வீச்சையும் அடி என்று எண்ணித் தள்ளியது. மனிதன் ஒருவன், வயல் ஒன்று, வேலை ஒன்று. கையை மாற்றியதும் உழைப்பின் கணக்கு மாறிவிட்டது.

சேற்றைப் பற்றி மணிக்கூட்டுக்கு எதுவும் தெரியாது. சேற்றில் கால் புதையும், இழுத்து எடுக்க வேண்டும், அதனால் நடை மெதுவாகும். மெதுவான நடையென்றால் செலவு குறைவு என்று மணிக்கூடு கருதும். உண்மை இதற்கு நேர்மாறு. 1970களில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடம் ஒன்றில் சிப்பாய்களைப் பலவகை நிலங்களில் நடக்கவைத்து ஒட்சிசன் செலவை அளந்தார்கள். தார் வீதியில் நடக்கும் செலவை 1 என்று வைத்தால் மண் பாதைக்கு 1.1, சதுப்பு நிலத்துக்கு 1.8, பொலபொலவென்ற மணலுக்கு 2.1 என்று பெருக்க வேண்டும் என்று கண்டார்கள். சதுப்பு என்ற இடத்தில் நம் வயலை வைத்துப் பாருங்கள். மணல் என்ற இடத்தில் கல்லாற்றுக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களை வையுங்கள். இவர்கள் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் தார் வீதிக்காரரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கொடுக்கிறார்கள். மணிக்கூடு தார் வீதி விலையைத்தான் எழுதுகிறது.

சுமையும் அப்படித்தான். தோளில் ஒரு நெல் மூடை இருக்கிறதா இல்லையா என்பதைக் கையில் கட்டிய ஒன்று அறிய வழியில்லை. நாடி ஏறுவதை வைத்து ஏதோ நடக்கிறது என்று மட்டும் ஊகிக்கலாம். சுமையின் கணக்கு நிறுவையைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய ஒன்றும் அல்ல. கென்யாவில் தலையில் சுமந்து பழகிய பெண்களை 1986இல் அளந்து பார்த்தபோது, தங்கள் நிறையில் ஐந்தில் ஒரு பங்குவரை அவர்கள் எந்த மேலதிகச் செலவும் இல்லாமலே சுமந்தார்கள். பழக்கம் உடம்புக்கு அவ்வளவு கற்றுக்கொடுக்கிறது. அதனால்தான் வேலை செய்பவர்களை அவரவர் வேலையிடத்தில் வைத்து அளக்க வேண்டும். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தில் பி. கே. நாக் குழுவினர் இந்திய விவசாயத் தொழிலாளர்களின் வேலைப்பளுவை அளந்து 1980இல் வெளியிட்டார்கள். அந்தத் திசையில் பிறகு நடந்தது போதாது என்பது என் எண்ணம். மணிக்கூடு செய்பவர்கள் தங்கள் கணக்கை ஓடுபட்டியிலும் அசையாச் சைக்கிளிலும் வைத்துத்தான் பெரும்பாலும் சரிபார்க்கிறார்கள். அரிசி சாப்பிடும் உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் சேற்றில் நிற்கிறார்கள். அவர்களுடைய உழைப்பும் சரியாக அளக்கப்பட வேண்டிய உழைப்பு.

சைக்கிளுக்கு வருவோம். களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போய்ப் பட்டிருப்புப் பாலத்தால் திரும்பி வருபவர்களுக்குக் கச்சான் காற்று என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. வைகாசி ஆனியில் மேற்கிலிருந்து அனலாக வீசும். போகும்போது முதுகைத் தள்ளிவிடும், வரும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். காற்றுத் தடை எதிர்க்காற்றோடு சேர்ந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால் திரும்பி வரும் பாதி போன பாதியைவிடப் பலமடங்கு கடினம். கையோ ஹாண்டிலைப் பிடித்தபடி அசையாமல் இருக்கிறது. நான் பார்த்த நாட்களில் பாலத்தில் எதிர்க்காற்றில் மிதித்து வந்த என்னை மணிக்கூடு மெதுவாகப் போன ஆளாகத்தான் பதிந்திருந்தது.

அப்படியானால் நாடித்துடிப்பையே நம்பிவிடலாமே என்று கேட்கலாம். ஒரே சீரான வேலையில், குளிரூட்டிய அறையில் அது நல்ல வழிகாட்டிதான். வேலை கூட ஒட்சிசன் கூடும், ஒட்சிசன் கூட நாடி கூடும். மட்டக்களப்பின் பகல் வெயிலில் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. உடம்பைக் குளிர்விக்க இதயம் தோலுக்குக் கூடுதல் குருதி அனுப்ப வேண்டும். வியர்த்துக் குருதியின் நீர் குறையும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறும் அளவு குறையும். அதை ஈடுசெய்ய இதயம் வேகமாகத் துடிக்கும். வேலை கூடவில்லை, ஒட்சிசன் செலவும் பெரிதாகக் கூடவில்லை, நாடி மட்டும் ஏறுகிறது. மணிக்கூடு அதைப் பார்த்துக் கலோரியை ஏற்றுகிறது. காலை ஆறு மணிக்கு நடந்த அதே தூரத்தைப் பதினொரு மணிக்கு நடந்து பாருங்கள். கூடிய எண் வந்தால் அதில் ஒரு பங்கு சூரியனுடையது. காய்ச்சலிலும் பயத்திலும் கடுங்கோப்பியிலும்கூட நாடி ஏறும்.

வியர்வை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதில் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு லீற்றர் வியர்வை தோலில் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அது வெளியேறும் வெப்பம். அதற்காக உடம்பு புதிதாக 580 கலோரி கொழுப்பை எரித்ததாக அர்த்தமில்லை. தொப்பலாக நனைந்து வந்து தராசில் ஏறினால் ஒரு கிலோ குறைந்திருக்கும். இரண்டு செம்பு தண்ணீர் குடித்ததும் அது திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும். பிளாஸ்ரிக் அங்கி போட்டுக்கொண்டு வெயிலில் ஓடும் இளைஞர்களைக் கண்டால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

மணிக்கூடுகளின் வழு எவ்வளவு பெரிது என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அன்னா ஷெர்பினா, இயூவன் ஆஷ்லி உள்ளிட்ட குழுவினர் ஏழு வகைக் கருவிகளை 60 தொண்டர்களின் கைகளில் கட்டி, உட்காரவும் நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்தார்கள். கூடவே முகமூடி மாட்டி, மூச்சில் எடுக்கும் ஒட்சிசனையும் விடும் காபனீரொட்சைட்டையும் அளந்து உண்மையான செலவைக் கணித்தார்கள். நாடித்துடிப்பில் ஏழில் ஆறு கருவிகள் 5 வீதத்துக்கும் குறைந்த வழுவோடு தேறின. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருந்தவற்றில் நல்லதன் வழு 27 வீதம், மோசமானதன் வழு 93 வீதம். கருமை கூடிய தோலில் வழு கூடியது என்பதும் அந்த ஆய்வின் ஒரு முடிவு. மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சுவதால் அது நடக்கக்கூடியதே. ஆனால் 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று தோல் நிறத்தால் நாடிக் கணக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும், கருவிக்குக் கருவி உள்ள வேறுபாடும் அசைவுமே பெரிய காரணங்கள் என்றும் கண்டது. எனவே நிறத்தை நினைத்து யாரும் மனம் சோர வேண்டாம். பட்டியைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாலே நாடிக் கணக்கு நன்றாகத் திருந்தும்.

வயலில் முகமூடியோடு ஒரு வாரம் வாழ முடியாது. அதற்கு ஆய்வாளர்களிடம் ஓர் அழகான வழி இருக்கிறது. பாரமான ஐதரசனும் பாரமான ஒட்சிசனும் கலந்த தண்ணீரை ஒருவருக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். ஐதரசன் சிறுநீர், வியர்வை என்று தண்ணீராக மட்டுமே வெளியேறும். ஒட்சிசன் அவற்றோடு சேர்ந்து மூச்சில் காபனீரொட்சைட்டாகவும் வெளியேறும். சில நாட்களுக்குப் பிறகு சிறுநீரில் இரண்டும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால், அந்த வித்தியாசத்திலிருந்து எரிந்த எரிபொருளைச் சொல்லிவிடலாம். அந்த மனிதர் வழமைபோலத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நேதன் லிஃப்சன் 1950களில் விலங்குகளுக்குச் செய்த இந்த முறை 1982இல் மனிதருக்கு வந்தது.

இந்த முறையால் கிடைத்த ஒரு முடிவு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. தன்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை ஹேர்மன் பொன்ட்ஸர் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். நாள் முழுக்க நடந்து திரியும் அவர்களுடைய மொத்தச் செலவு, உடம்பின் பருமனைக் கணக்கில் எடுத்தபின், அலுவலகக் கதிரையில் இருக்கும் மேற்கு நாட்டவருடையதைவிடக் கூடுதலாக இல்லை. நீண்டகாலம் உழைக்கும் உடம்பு வேறு இடங்களில் சிக்கனம் பிடிக்கிறது என்பது பொன்ட்ஸரின் விளக்கம். எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. எப்படியிருந்தாலும், அடிப்படைச் செலவோடு நடைச் செலவைக் கூட்டிவிட்டால் நாளின் செலவு வந்துவிடும் என்ற மணிக்கூட்டின் எளிய கூட்டல் உடம்புக்குள் அப்படியே நடப்பதில்லை.

இனி என் பிட்டுக்கு வருகிறேன். 60 கிலோ உள்ளவரின் ஒரு மணிநேர நடைக்கு 210 கலோரி என்றோம். அதில் 60 அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடையால் கூடியது 150 மட்டுமே. மணிக்கூடு மொத்தக் கலோரி, அசைவுக் கலோரி என்று இரண்டு எண்களைக் காட்டும். நான் பெரியதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம் என்றால் 16 கலோரி. தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு ஐந்து தேத்தண்ணி என்றால் 160. கரைந்துபோகும் அந்தப் பத்துக் கரண்டி அப்படிப்பட்ட ஒரு மணிநேர நடையை முழுதாக விழுங்கிவிடும். கொழுப்புக் கிராமுக்கு 9 கலோரி, மாப்பொருளுக்கும் புரதத்துக்கும் 4. ஆகவே பிட்டின் மேல் ஊற்றும் தேங்காய்ப்பாலுக்கும் தனிக் கணக்கு உண்டு. நடையை நான் விடவில்லை. எரித்த கலோரி எத்தனையானாலும், நடக்கும் தசை குருதியிலுள்ள குளுக்கோசை இழுத்துக்கொள்கிறது. சீனி வருத்தக்காரருக்கு அதுவே பெரிய ஆதாயம். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் மணிக்கூட்டின் எண்ணைப் பார்த்து மருந்தையோ சாப்பாட்டையோ தாங்களாக மாற்றக் கூடாது. அதை வைத்தியரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

மணிக்கூட்டை நான் கழற்றி வைக்கவும் இல்லை. ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே கை. விடியப் பாலம்வரை போய்வருகிறேன். அதே வேக நடைக்கு இரண்டு மாதத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது நாடி குறைவாக ஏறுகிறது, எழும்பும்போது இருக்கும் ஆறுதல் துடிப்பும் குறைந்திருக்கிறது. இந்த இரண்டையும் அது நன்றாக அளக்கிறது, நான் கொப்பியில் எழுதி வைக்கிறேன். கலோரி எண்ணை நேற்றைய என்னோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். மாமாவோடோ மச்சானோடோ ஒப்பிடுவதில்லை, சாப்பாட்டுக் கோப்பையோடு ஒப்பிடுவதும் இல்லை.

சாப்பாட்டுக்கும் உழைப்புக்கும் இடையிலான கணக்கைச் சொல்ல வேறொன்று இருக்கிறது. சில வாரங்களாக நிறை மாறாமல் நின்றால் உள்ளே போனதும் வெளியே போனதும் சமன். மாதம் ஒருமுறை, விடிய, வெறும் வயிற்றோடு, நெல் மூடை நிறுக்கும் மில் தராசில் நானும் மாமாவும் ஏறி நிற்போம். போன மாதம் மாமா 58, நான் 71 அரை. இந்த மாதம் மாமா அதே 58. நான் 70 கிலோ 900.